ஹீட்டட் வெஸ்ட்டை எப்போ ஆன் பண்றதுங்கறதுதான் விஷயம்

ஐஸ்லாந்துல சில்ஃப்ரான்னு ஒரு விரிசல் இருக்கு, திங்வெட்லிர் தேசிய பூங்காவுக்குள்ள, பூமியோட மேல் ஓட்டுத் தட்டுகளான வட அமெரிக்க பிளேட்டும் யுரேசிய பிளேட்டும் விலகிப் போற இடம். லாங்யோகுல் பனிப்பாறையிலேர்ந்து உருகுன தண்ணி எரிமலைக் கல்லுக்குள்ள பல வருஷம் ஊறி வடிகட்டி வர்றதால அவ்ளோ தெளிவு, 100 மீட்டர் தள்ளி இருக்கறது கூட தெரியும், அப்படியே குடிக்கலாம், ஆனா வருஷம் பூரா 2லேர்ந்து 4 டிகிரிதான். அங்க டைவ் கைடா வேலை பார்க்கறேன், சூட்டுக்குள்ள பேட்டரியில சூடாகற ஒரு வெஸ்ட் போட்டுப்பேன்.

வர்ற கெஸ்டுக்கு அது அரை மணி நேரக் குளிர், கைடுக்கு அப்படி இல்ல. கார் பார்க்ல காத்துல நின்னு ஒவ்வொருத்தருக்கா தண்ணி உள்ள புகாத ட்ரைசூட் மாட்டி விடணும், கழுத்து சீல் சரி பார்க்கணும், பிரீஃபிங் குடுக்கணும், அப்புறம் தண்ணி, வெளிய வந்ததும் சிலிண்டரோட நடந்து திரும்பணும், உடனே அடுத்த குரூப் ரெடியா நிக்கும். முதல் டைவ்ல உடம்பு இழந்த சூடு திரும்பி வர்றதுக்குள்ள ரெண்டாவது டைவ் ஆரம்பிச்சிடும். காத்தை விட தண்ணி கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்துது, அதனால சூட் எவ்ளோ நல்லதா இருந்தாலும் சாயங்காலத்துக்குள்ள குளிர் உள்ள இறங்கிடும்.

அங்கதான் வெஸ்ட் உண்மையிலயே வேலைக்கு ஆகுது. உள்ள ஒட்டுன மாதிரி ஒரு பேஸ் லேயர், அதுக்கு மேல வெஸ்ட், அதுக்கு மேல தடியான அண்டர்சூட், கடைசியா ட்ரைசூட். முதுகுலயும் இடுப்புக்கு மேலயும் இருக்கற ஹீட்டிங் ஒயர் சூடாகும். இதுல எனக்குப் பெரிசா தெரியற பலன் முதுகு கதகதப்பு கூட இல்ல, விரல். நடு உடம்பு குளிர்ந்தா உடம்பு மொதல்ல விரலுக்குப் போற ரத்தத்தைத்தான் குறைக்கும், விரல் மரத்துப் போச்சுன்னா காத்து ஏத்தற இன்ஃப்ளேட்டர் பட்டன், வால்வு, கிளிப் எதையும் நம்பிப் பிடிக்க முடியாது, நம்ம கூட வர்றவங்க உயிர் அந்த விரல்லதான் இருக்கு.

ஆனா இதை எப்போ ஆன் பண்றோம்ங்கறதை நிறைய பேர் யோசிக்கறதே இல்ல. லீவு நாள்ல வடக்கே எய்யாஃபியோர்துர்ங்கற கடல் விரிகுடாவுக்கு டைவ் போவோம், அங்க ஸ்ட்ரீட்டன்னு வெந்நீர்ல வர்ற தாதுக்கள் படிஞ்சு உருவான ஒரு கோபுரம் மாதிரி, கடல் தரையில 70 மீட்டர்ல ஆரம்பிச்சு தண்ணி மட்டத்துக்கு 15 மீட்டர் கீழ வரைக்கும் எழும்பி நிக்குது, அதுலேர்ந்து 70 டிகிரிக்கு மேல வெந்நீர் கொட்டிட்டே இருக்கும், சுத்தி கடல் மட்டும் ஜில்லுனு. கூட வேலை பார்க்கறவங்க ஒருத்தங்க கரையிலயே வெஸ்ட்டை ஹையில போட்டுட்டு இறங்குனாங்க, கீழ இருக்கற வரைக்கும் சுகமா இருந்திருக்கு, மேல வர்றப்போ பேட்டரி காலி, மேல வர்ற வழியில கொஞ்ச நேரம் நின்னு வர்ற சேஃப்டி ஸ்டாப்ல நடுங்கிட்டே தொங்குனாங்க. ஒண்ணும் ஆகல, ஆனா அன்னிக்கு ரெண்டாவது டைவை நாங்க விட்டுட்டோம்.

ஏன்னா கீழ சூடு, மேல வர்றப்போ குளிருங்கறது இருக்கறதுலயே மோசமான வரிசை. சூடா இருக்கற உடம்புல ரத்த ஓட்டம் ஜாஸ்தி, சுவாசிக்கற காத்துல இருக்கற நைட்ரஜன் வேகமா உள்ள ஏறும், மேல வர்ற நேரத்துல குளிர்ந்தா ஓட்டம் குறைஞ்சு அது வெளிய வர மாட்டேங்குது. அமெரிக்க கடற்படையோட எக்ஸ்பெரிமெண்டல் டைவிங் யூனிட் 2007ல வெளியிட்ட சோதனையில இது அப்பட்டமா தெரிஞ்சுது: 120 அடி ஆழம், ரெண்டு பக்கமும் ஒரே டீகம்ப்ரெஷன் நேரம் (நைட்ரஜன் வெளிய போக நின்னு நின்னு மேல வர்ற நேரம்), கீழ 36 டிகிரி தண்ணியில 30 நிமிஷம் இருந்து 27 டிகிரியில மேல வந்தவங்கள்ல 22 சதவீத டைவ்ல பெண்ட்ஸ் (நைட்ரஜன் உடம்புல குமிழியாகி வர்ற நோய்), அதையே திருப்பிப் போட்டு கீழ குளிர்ல 70 நிமிஷம் இருந்து சூட்டுல மேல வந்தப்போ 1.3 சதவீதம்தான். சில்ஃப்ரால நாங்க 18 மீட்டரைத் தாண்ட மாட்டோம், டீகம்ப்ரெஷன் டைவும் கிடையாது, அதனால அந்த நம்பர் அப்படியே எங்களுக்குப் பொருந்தாது, ஆனா வரிசை பொருந்தும், அதுவும் ஒரே நாள்ல திரும்பத் திரும்ப இறங்கறவங்களுக்கு கண்டிப்பா.

அதனால நான் வெஸ்ட்டை ஆஃப்லயோ லோலயோ வெச்சு இறங்குவேன், திரும்பற நேரத்துலதான் கூட்டுவேன். அண்டர்சூட்டையும் வெஸ்ட்டே இல்லன்னு நெனச்சுத்தான் தேர்ந்தெடுப்பேன், பேட்டரி எப்போ வேணா போகலாம்.

பேட்டரியைப் பத்தியும் சொல்லணும். ட்ரைசூட்டுக்கு வெளிய தண்ணி புகாத டப்பால (கேனிஸ்டர்) வெச்சா, வெஸ்ட் ஓவரா சூடானா தண்ணிக்குள்ளயே கழட்டி விட்டுடலாம், உள்ள பாக்கெட்ல இருந்தா அந்த வழி இல்ல. 12 வோல்ட் 20 ஆம்பியர்-அவர் பேட்டரின்னா 240 வாட்-அவர், 60 வாட்ல ஓட்டுனா கணக்குப்படி நாலு மணி நேரம், குளிர்ல அவ்ளோ கண்டிப்பா வராது. 160 வாட்-அவருக்கு மேல இருக்கற லித்தியம் பேட்டரியை பயணிங்க விமானத்துல கொண்டு வரவே முடியாது, ஏர்போர்ட்ல பிடுங்கிடுவாங்க, வர்றவங்க இங்கயே வாடகைக்கு எடுக்கறது நல்லது.

புதுசா வேலைக்கு வர்ற பசங்க மொதல் சம்பளத்துல வெஸ்ட் வாங்கட்டுமான்னு கேப்பாங்க. மொதல்ல நல்ல அண்டர்சூட்டும் ட்ரை கிளவ்ஸும் வாங்குங்கன்னு சொல்வேன், ஒரு குளிர்காலம் அதுலயே வேலை பார்த்துட்டு அப்புறம் வெஸ்ட் வாங்கலாம், அப்போதான் பேட்டரி போனாலும் குரூப்பைக் கரை சேர்க்கற அளவுக்கு நம்மகிட்ட சூடு இருக்கான்னு நமக்கே தெரியும்.