சோளமும் தட்டைப்பயறும்: ஆடு புகுந்த பிறகு

வீட்டுக்குப் பின்னால் அரை சென்ட் இடம் சும்மா கிடந்தது. தீவனப் பயிர் எப்படி வளர்கிறது என்று நாள் கணக்கில் குறித்துப் பார்க்கும் ஆசையில் ஆடியில் விதைத்தேன். கோ எஃப்எஸ் 29 என்ற ரகத் தீவனச்சோளம் மூன்று வரிசை, தட்டைப்பயறு ஒரு வரிசை. எனக்கு மாடு கிடையாது. அறுப்பதெல்லாம் பக்கத்து வீட்டு அக்காவின் ஆடுகளுக்கு என்று பேச்சு.

4ஆம் நாள் தட்டைப்பயறு முதுகை வளைத்துக்கொண்டு, இரண்டு பருப்பையும் தலையில் சுமந்தபடி எழுந்தது. அடுத்து எதிரெதிராக இரண்டு ஒற்றை இலை, அப்புறம்தான் மும்மூன்றாக. சோளமோ ஊசி முளையாக வந்து, அதைக் கிழித்து இலை விட்டது. விதை மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது.

18ஆம் நாள், பேச்சுக்குக் காத்திராமல் ஆடு ஒன்று புகுந்துவிட்டது. அக்கா ஓடிவந்து இழுத்தார். "பூ வராத சோளத்துல வாய் வெச்சா நுரை தள்ளிரும் தம்பி!" இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு உண்டு என்பது எனக்குப் படித்த செய்தி, அவருக்குப் பார்த்த செய்தி. நல்லவேளை, நாலைந்து வாய்தான்.

ஒரு வாரம் பொறுத்து எண்ணினேன். கடிபட்ட சோளம் 11. எல்லாமே பிழைத்தன. குருத்திலிருந்து வந்த இலைகளின் நுனி மட்டும் கத்தரியால் வெட்டியதுபோல் மொட்டையாக இருந்தது. தட்டைப்பயறு 7. பருப்பு இருந்த தழும்புக்கு மேலே கடிபட்ட 4 செடிகள் கணுவிலிருந்து பக்கக்கிளை விட்டன. தழும்புக்குக் கீழே கடிபட்ட 3 செடிகள் போயே போய்விட்டன. அங்கே துளிர்க்க மொட்டே இல்லை.

சோளம் தப்பிய காரணத்தைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். தண்டு என்று நான் நினைத்தது தண்டே இல்லை; ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்ட இலையுறைகள். வளரும் நுனி, கடுகளவு வெள்ளைப் புள்ளியாக, மண் மட்டத்துக்கும் கீழே பத்திரமாக இருந்தது. 35ஆம் நாள் இன்னொன்றைப் பிளந்தேன். கணுக்கள் விலகி, நுனி மண்ணுக்கு மேல் நாலு விரல் ஏறியிருந்தது. இதற்கப்புறம் ஆடு கடித்தால் அந்தத் தண்டின் கதை முடிந்தது. அடிக்கணு மொட்டுகள்தான் தூர், அதாவது புதுப் பக்கத்தண்டு, விட வேண்டும்.

நடுவில் ஒரு தட்டைப்பயறைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளினேன். உள்ளே இளஞ்சிவப்பு, காற்றின் நைட்ரஜனைத் தழைச்சத்தாக்கும் வேலை நடக்கிறது. அந்த வேலையைச் செய்யும் ரைசோபியம் பாக்டீரியாவை நான் விதையோடு கலக்கவில்லை, மண்ணிலேயே இருந்திருக்கிறது.

சேர்த்து விதைத்ததில் ஒரு சங்கடம். தட்டைப்பயறு 48ஆம் நாளே பூத்துவிட்டது, சோளம் 60இல்தான் கண்ணாடி இலை (கதிருக்கு முன் வரும் கடைசி இலை) விட்டது. பயறை முதலில் அறுத்தேன். சோளத்தைப் பூ வந்தபின் 66ஆம் நாள், அரைச்சாண் கட்டை விட்டு அறுத்தேன். "இப்பப் போடு, பயமில்ல" என்றார் அக்கா.

இன்று கட்டைக்கு மூன்று நான்கு தூர், விரல் நீளம். படலையும் கட்டியாயிற்று.