ஆர்சிங்க் பேக்கப்பில் கோட்டை விடும் இடங்கள்

வீட்டு லினக்ஸ் கணினியில் பேக்கப் எடுக்க, ஃபைல்களை நகலெடுக்கும் கட்டளையாக 1996-இல் வெளிவந்த ஆர்சிங்க் (rsync) இன்றும் போதும். ஆனால் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் வாங்கியபோது இருந்த எக்ஸ்ஃபேட் (exFAT) ஃபைல் சிஸ்டத்திலேயே விட்டுவிடாதீர்கள். ஃபைலின் உரிமையாளர், பர்மிஷன், ஹார்ட் லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) எதுவும் அதில் நிற்காது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 (ext4) ஆக ஃபார்மட் செய்யுங்கள். அது வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கிவிடும். 2 டெராபைட் டிஸ்க்கில் 100 ஜிபி! பேக்கப் டிஸ்க்குக்கு அது தேவையில்லை, டியூன்2எஃப்எஸ் (tune2fs) கட்டளை கொண்டு பூஜ்யமாக்கலாம்.

பெரிய ஆபத்து வேறு. டிஸ்க் ஒரு வெற்று ஃபோல்டரில்தான் மவுண்ட் ஆகும், அதாவது இணையும். அப்படி இணையாத இரவில் க்ரான் (நேரம் வைத்துக் கட்டளைகளை ஓட்டும் வசதி) பேக்கப்பை ஓட்டினால், ஆர்சிங்க் அந்த வெற்று ஃபோல்டருக்குள்ளேயே எல்லாவற்றையும் கொட்டும். காலையில் லினக்ஸ் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் நிரம்பி, லாகின்கூடத் தகராறு செய்யும். இதற்கு மருந்து எளிது. டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அந்த வெற்று ஃபோல்டரை 'சாட்டர்' (chattr) கட்டளையால் மாற்றமுடியாததாக ஆக்கிவிடுங்கள். பிறகு ரூட்டாலும் அதில் எழுத முடியாது. டிஸ்க் மவுண்ட் ஆனபின் இந்தத் தடை குறுக்கே வராது.

அடுத்து, சாய்கோடு (/). மூலப் பாதையின் முடிவில் சாய்கோடு இருந்தால் ஃபோல்டருக்குள் இருப்பவை மட்டும் போகும். இல்லையென்றால் ஃபோல்டரே போகும். தேவையில்லாத சாய்கோட்டோடு டெலீட் ஆப்ஷனும் சேர்ந்தால், இலக்கில் மூலத்தில் இல்லாத அத்தனையும் அழிந்துவிடும். எனவே முதலில், எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்கும் ட்ரை-ரன் ஆப்ஷனையும் விவரம் காட்டும் வெர்போஸ் ஆப்ஷனையும் சேர்த்து ஓட்டி, 'டெலீட்டிங்' என்று தொடங்கும் வரிகளை நிதானமாகப் படியுங்கள்.

டெலீட் ஆப்ஷனோடு ஓட்டினால், இன்று தவறுதலாக அழித்த ஃபைல் நாளை பேக்கப்பிலும் இருக்காது. அதனால் லிங்க்-டெஸ்ட் (--link-dest) ஆப்ஷனோடு தேதிவாரியாக ஃபோல்டர் வையுங்கள்; மாறாத ஃபைல்கள் ஹார்ட் லிங்காகவே நிற்பதால் கூடுதல் இடம் மிகக் குறைவு.