சேற்றில் குதிரையின் கடிவாளத்தைத் தளர்த்திவிடுங்கள்

நுவரெலியாவில் குதிரைச் சவாரி என்றால் பலருக்கும் கிரகரி வாவிக் கரையில் ஒரு சுற்று, ஒரு படம், அவ்வளவுதான். என் பெரியப்பா மகன் அங்கே குதிரை வைத்திருக்கிறார். கூட்டமில்லாத தை மாதக் காலைகளில் அவரும் கூட்டாளிகளும் குதிரைகளை வரிசையாக நடத்திக்கொண்டு, ஓடை வந்து சேரும் சதுப்புப் பக்கம் போவார்கள். இந்த முறை நானும் போனேன்.

வாவி இருக்கும் இடமே ஒரு காலத்தில் சதுப்புதான். ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல், அதை வாவியாக்கினார்கள். ஓரங்களில் பழைய நிலத்தின் குணம் இன்னும் போகவில்லை. மேலே பச்சைப் புல், மிதித்தால் கறுப்புச் சேறு.

"முன்னால போறது மிதிச்ச இடத்துலயே மிதிக்கட்டும். யாரும் விலகாதீங்க" என்றார் அண்ணன். முன்னால் போனது அவருடைய வயதான பெட்டைக் குதிரை. ஓடைக்கரையில் நின்று, தலையைத் தாழ்த்தி, தண்ணீரை மோந்து பார்த்தது. யாரும் அதட்டவில்லை. வானம் பளபளக்கும் தண்ணீரில் ஆழம் எவ்வளவு என்று குதிரையின் கண்ணுக்குப் பிடிபடாது. அந்த நேரத்தில் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் அதற்குப் பார்க்கவும் வழியில்லை, நிதானிக்கவும் வழியில்லை. வாரைத் தளர்த்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது இறங்கியதும் மற்றவையும் தயங்காமல் பின்னால் இறங்கிவிட்டன.

நடு ஓடையில் எனக்கு முன்னால் போன குதிரை நின்று, முன்னங்காலால் தண்ணீரை அடிக்கத் தொடங்கியது. பார்க்க அழகுதான். ஆனால் அது படுத்துப் புரளப் போகிறது என்று அர்த்தம். "நிக்க விடாதே தம்பி, நடத்து நடத்து!" என்று அண்ணன் கத்தினார். மேலே இருந்த பையன் குதிகாலால் அணைத்து நடத்திவிட்டான்.

அப்புறம் சேறு. ஒவ்வொரு குளம்பும் 'ப்ளக்' என்று பிடுங்கிக்கொண்டு வரும்போது குதிரையின் தோள் இறுகித் தளர்வது என் முழங்காலில் தெரிந்தது. அங்கவடியில் காலை ஊன்றி, பிடரி மயிரைப் பிடித்து, முதுகுக்குப் பாரம் குறைய முன்னால் சாய்ந்துகொண்டேன். திடீரென்று புல்லுக்குள்ளிருந்து ஓர் உள்ளான் கிறீச்சிட்டு எழும்பிப் பறந்தது. குதிரை ஓரடி விலகி, காதை விறைத்து, மறுபடி நடந்தது. குளிர்காலத்தில் வடக்கே தொலைதூரத்திலிருந்து வந்து தங்கும் பறவை அது. அதனால்தான் பாய்ச்சல் கூடாது, புது வழி வெட்டக் கூடாது என்பதில் அண்ணன் பிடிவாதமாக இருக்கிறார். சரியான பிடிவாதம்.

திரும்பியதும் கால் கழுவும் வேலை. குளம்பின் அடியில் அடைந்த சேற்றைக் கொக்கியால் கிளறி எடுத்து, குளம்புக்கு மேலுள்ள மடிப்பைச் சாக்குத் துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். விட்டால் தோல் வெடித்துப் புண்ணாகும், குளம்பும் அழுகும். ஈரக்காலோடு கட்டிப்போட்டு அடுத்த சவாரிக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. அதைக் கண்டால் ஏறாதீர்கள், காசு கொடுக்காதீர்கள். எல்லாக் கால்களும் காய்ந்த பிறகுதான் நாங்கள் தேநீர் குடிக்கப் போனோம்.