அம்மிச்சி போனுக்கும் மோட்டார் பெட்டிக்கும் எந்த ரீசார்ஜ்?

எங்கள் குடும்பத்தில் நெட்டே தேவைப்படாத சிம் மூன்று இருக்கின்றன. ஒன்று, மூலனூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளை வீட்டில் இருக்கும் அம்மிச்சியின், அதாவது என் அம்மாவின் அம்மாவின், பட்டன் போனில். இன்னொன்று அதே தோட்டத்துக் கிணற்றடியில், மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள். மூன்றாவது என் போனில் இரண்டாவது சிம், பேங்க் ஓடிபிக்காக மட்டும். நான் வெள்ளகோவிலில் ஒரு எண்ணெய் மில்லில் கணக்கு எழுதுகிறேன். அதனால் மூன்றுக்கும் ரீசார்ஜ் போடுகிற வேலையை மாமன் என்னிடம் விட்டுவிட்டார்.

ரீசார்ஜ் செயலியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவதெல்லாம் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்கிற பேக்குகள்தான். என் மூன்று சிம்முக்கும் அந்த ஜிபியால் பிரயோசனம் இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: இந்த எண் உயிரோடு இருக்க ஒரு நாளைக்கு எத்தனை ரூபாய் ஆகிறது? விலையை நாட்களால் வகுத்துவிட்டால் பேக்கின் பெயர், இலவசமாகத் தரும் சினிமாச் செயலி, பாட்டுச் செயலி எல்லாம் விலகிப்போய் ஓர் எண் மட்டும் மிஞ்சும். குறைவாகப் பேசுகிறவர்கள் அந்த எண்ணைத்தான் பார்க்கவேண்டும்.

2024 ஜூலையில் எல்லாத் தனியார் கம்பெனிகளும் விலை ஏற்றியபோது ஏர்டெல்லிலும் வி என்கிற வோடபோன் ஐடியாவிலும் 179 ரூபாய் பேக் 199 ஆனது. 28 நாள். வகுத்தால் நாளுக்கு 7 ரூபாய் 11 பைசா. 28 நாளை மாதம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் வருடத்துக்கு 13 முறை போடவேண்டும். 13 முறைக்கு 2,587 ரூபாய். அம்மிச்சிக்கு வருகிற முதியோர் பென்ஷன் மாதம் 1,200. அதில் ஆறில் ஒரு பங்கு, வருகிற போனை எடுத்துப் பேசுவதற்கு மட்டும் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

பணத்தைவிடப் பெரிய வெசனம் தேதி தவறுவது. வேலிடிட்டி முடிந்தால் முதலில் இங்கிருந்து போகும் அழைப்பு நிற்கும். சில நாள் கழித்து வருகிற அழைப்பும் நின்றுவிடும். கம்பெனி அனுப்புகிற எச்சரிக்கைச் செய்தி ஆங்கிலத்தில் வந்து அந்தச் சின்னத் திரையில் கிடக்கும். அம்மிச்சி செய்தியெல்லாம் படிப்பதில்லை. அப்படி ஒருமுறை நின்றுபோனபோது, நான் ஊருக்குப் போனதும் அம்மிச்சி கேட்டது: "ஏங் கண்ணு, எம்பட போனுக்கு ஒருத்தருமே கூப்படறதில்ல. அல்லாருக்கும் எம்மேல கோவமா?"

சொந்தபந்தம் தன்னை மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஒரு கிழவி மேய்ச்சல் கொறங்காட்டு நடுவே உட்கார்ந்திருந்தது என் மனதைவிட்டுப் போகவே இல்லை. ரீசார்ஜை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாததற்கு அதுதான் காரணம்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. லைஃப்டைம் என்று ஒருமுறை போட்டால் இன்கமிங் வந்துகொண்டே இருக்கும். 2018 கடைசியில்தான் 28 நாளுக்கு 35 ரூபாய் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்கிற வழக்கம் வந்தது. அந்த 35 ஏறி ஏறித்தான் இந்த 199க்கு வந்து நிற்கிறது.

ஒரு நல்ல மாற்றம் 2024 டிசம்பர் 23ல் வந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தன் விதியைத் திருத்தி, நெட் இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் கொடுத்தாகவேண்டும் என்றது. சிறப்பு வவுச்சர் என்கிற இந்த மாதிரி பேக்குகளுக்கு இருந்த 90 நாள் உச்சவரம்பை 365 நாளாக உயர்த்தியதும் அதே திருத்தம்தான். வயதானவர்கள், வீட்டிலேயே பிராட்பேண்ட் வைத்திருப்பவர்கள் எல்லாம் வேண்டாத நெட்டுக்கு ஏன் காசு கொடுக்கவேண்டும் என்பதுதான் ஆணையம் சொன்ன காரணம். அம்மிச்சியை மனதில் வைத்து எழுதிய மாதிரியே இருந்தது எனக்கு.

2025 ஜனவரியில் அந்த பேக்குகள் வந்தன. முதலில் வைத்த விலையைச் சில நாளிலேயே கொஞ்சம் குறைத்தார்கள். குறைத்த பிறகு ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. வகுத்துப் பாருங்கள். 469 பேக் நாளுக்கு 5.58, 1,849 பேக் 5.07. ஜியோவின் 448 பேக் 5.33, 1,748 பேக் 5.20. நெட் உள்ள 28 நாள் பேக்கின் 7.11 உடன் வைத்துப் பார்த்தால் 1,849 பேக்கில் வருடத்துக்கு 700 ரூபாய்க்கு மேல் மிச்சம். 336 நாளை வருடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், 29 நாள் குறைகிறது. விலை அடிக்கடி மாறுகிறது, அதனால் போடுகிற அன்று கம்பெனியின் சொந்தச் செயலியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வகுக்கிற முறை மட்டும் மாறாது.

ஆனால் இந்தக் கணக்குக்கு முன்னால் போனைப் பார்க்கவேண்டும். ஜியோவில் 2ஜி கிடையாது. 2016ல் தொடங்கியபோதே 4ஜியோடுதான் வந்தது. அம்மிச்சி வைத்திருப்பது பழைய 2ஜி பட்டன் போன், அதில் ஜியோ சிம் வேலை செய்யாது. 4ஜி பட்டன் போன்கள் கடையில் கிடைக்கின்றன. 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் போனுக்கு 28 நாளுக்கு 123 ரூபாய் என்று தனி பேக்கே உண்டு, நாளுக்கு 4.39தான். புதிதாகப் போன் வாங்குகிறவர்கள் அதை யோசிக்கலாம். அம்மிச்சிக்கு அந்தப் பழைய போனின் பட்டன் விரலுக்குப் பழகிவிட்டது. ஒன்றாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் மாமன், இரண்டு என்றால் அம்மா, மூன்று என்றால் நான். அதை மாற்றச் சொல்ல எனக்கு மனசில்லை.

பிஎஸ்என்எல் 1,198 ரூபாய் பேக்கையும் பார்த்தேன். 365 நாள், மாதத்துக்கு 300 நிமிடம் பேச்சு, 3 ஜிபி நெட், 30 எஸ்எம்எஸ். நாளுக்கு 3 ரூபாய் 28 பைசா, இதைவிட மலிவு என் பட்டியலில் இல்லை. 300 நிமிடம் என்றால் நாளுக்குப் பத்து நிமிடம். நம் வீட்டில் நிறையப் பேருக்கு இதுவே தாராளம். அம்மிச்சிக்குத் தாராபுரத்தில் ஒரு தங்கச்சி இருக்கிறார். பொழுதோட ரெண்டு பேரும் பேச உட்கார்ந்தால் மழை, ஆட்டுக்குட்டி, யார் வீட்டுச் சீர், யாருக்கு மூட்டுவலி என்று போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சுக்கு நிமிடக் கணக்கு வைக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் அம்மிச்சிக்கு, பேச்சுக்கு அளவே இல்லாத ஏர்டெல் 1,849 பேக். மாமனும் அம்மாவும் நானும் மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டோம், ஆளுக்கு 616 ரூபாய் சொச்சம். முடிகிற தேதியைத் தினசரிக் காலண்டர் அட்டையின் பின்னால் எழுதியதோடு, மாமன் போனிலும் என் போனிலும் ஒரு வாரம் முன்பே அலாரம் வைத்திருக்கிறோம்.

1,198 பேக் மோட்டார் பெட்டிக்குப் போனது. வெளியூர்க்காரர்களுக்கு: கிணற்றடிக்கு நடக்காமலே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவுகிற மொபைல் ஸ்டார்ட்டர் இது. பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும், நாம் கூப்பிட்டால் மோட்டார் ஓடும். மாமனுக்கு ராத்திரியில் வரப்பில் பாம்புக்குப் பயந்து நடக்கவேண்டியது இல்லாமல் போனது இதனால்தான். இந்தப் பெட்டிகளில் நிறைய 2ஜியில் மட்டும் ஓடுபவை, ஆகவே போனுக்குப் பார்த்ததையே இதற்கும் பார்க்கவேண்டும். இன்னொன்று, மும்முனைக் கரண்ட் வரும்போதும் போகும்போதும் பெட்டி எஸ்எம்எஸ் அனுப்பும். அப்படி விட்டால் மாதத்துக்கு 30 எஸ்எம்எஸ் ஒரு வாரம்கூடத் தாங்காது. எஸ்எம்எஸ்ஸை நிறுத்திவிட்டு, கரண்ட் வந்ததும் மாமனுக்கு மிஸ்டு கால் கொடுக்கிற மாதிரி மாற்றி வைத்தோம். அதற்கப்புறம் 300 நிமிடத்தில் பாதிகூடச் செலவாகவில்லை.

20 ரூபாய் விதியைப் பற்றி எங்கள் சொந்தக்கார வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது: சிம்மில் 20 ரூபாய் இருந்தால் போதும், ரீசார்ஜே வேண்டாம் என்று. அதை நம்பி இருந்துவிடாதீர்கள். விதி உண்மைதான், 2013லிருந்தே இருக்கிறது. 90 நாள் அழைப்பு, எஸ்எம்எஸ், நெட் எதுவும் நடக்காமல் கிடந்தால், இருப்பில் 20 ரூபாய் இருக்கும்பட்சத்தில் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாளுக்கு எண்ணைப் பிடுங்காமல் வைத்திருப்பார்கள். இருப்பு இல்லாமல் எண் முடக்கப்பட்டால் மீட்க 15 நாள் அவகாசம் உண்டு. எண் கைவிட்டுப் போகாமல் இருப்பதற்கான காப்பு இது, அவ்வளவுதான். அழைப்பு வந்துகொண்டிருக்கும் என்று இந்த விதி எங்கேயும் சொல்லவில்லை. ஓடிபி வரவேண்டிய சிம்முக்கு வேலிடிட்டி இருந்தே ஆகவேண்டும்.

மலிவான பேக்குக்காகக் கம்பெனி மாறலாம் என்று நினைப்பவர்கள் முதலில் டவரைப் பாருங்கள். அந்தக் கம்பெனி சிம் வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிவந்து, கிழவி உட்காருகிற திண்ணையில் உட்காரவைத்து ஒரு அழைப்புப் பேசச் சொன்னால் தெரிந்துவிடும். எங்கள் பக்கம் காடு பரந்து கிடக்கிறது, சாளைகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. பக்கத்துத் தோட்டத்தில் நன்றாகக் கேட்பது நம் வாசலில் கேட்காது. டவர் சரியாக இருந்தால், போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பவேண்டும். பதிலுக்கு வருகிற குறியீட்டைப் புதிய கம்பெனியிடம் கொடுக்கவேண்டும், அது நான்கு நாள்தான் செல்லும். இப்போதிருக்கும் கம்பெனியில் 90 நாளாவது ஆகியிருக்கவேண்டும். சமீபத்தில் சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கியிருந்தால், 2024 ஜூலையிலிருந்து வந்த விதிப்படி ஏழு நாள் பொறுக்கவேண்டும்.

என்னுடைய இரண்டாவது சிம்முக்கு எந்த பேக்கும் போடவில்லை. ஓடிபிக்காக வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் செலவழிப்பதற்குப் பதிலாக பேங்குக் கிளைக்கே போய் எண்ணை மாற்றினேன். ஆதார், கேஸ், ரேஷன் கார்டு, வாட்ஸ்அப் என்று அந்த எண் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் முதல் சிம் எண்ணைக் கொடுத்தாயிற்று. கைவிட்ட எண்ணைக் குறைந்தது 90 நாளுக்கு வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2023ல் உச்சநீதிமன்றத்தில் டிராய் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு அது யாரிடம் வேண்டுமானாலும் போகலாம், ஆகவே இந்த மாற்றமெல்லாம் சிம்மை விடுவதற்கு முன்னாலேயே முடிந்திருக்கவேண்டும். எனக்கு எல்.ஐ.சி. பாலிசி ஒன்றில் மட்டும் பழைய எண் பாக்கி இருக்கிறது. அடுத்த வாரம் காங்கயம் போகும்போது அதையும் மாற்றிவிட்டு சிம்மை எடுத்துவிடுவேன்.