நின்றுபோன நடைபயணம்: பள்ளிப் பிள்ளைகளோடு ஆரோக்கிய அன்னையிடம்

2020 பிப்ரவரி 26, சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். பள்ளி வளாகங்களில் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வரிசையில் வந்து நெற்றியைக் காட்டினார்கள். பெருவிரலால் சாம்பலில் சிலுவை வரைந்து, “மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்” என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு அந்த விரல் ஒரு நெற்றியையும் தொடாது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அந்தத் தவக்காலத்துக்கென்று நேர்ந்திருந்தது வேளாங்கண்ணி நடைபயணம். நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே சுமார் 12 கி.மீ. பெரியவர்கள் திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் நாள்கணக்கில் நடந்து வருகிற இடம்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த 12 கி.மீ. போதும். மார்ச் 2-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு தொடங்கிவிட்டது, 27-இல் பத்தாம் வகுப்புக்குத் தொடங்க இருந்தது. நடுவே கீழ்வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு சனிக்கிழமை நடந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்த நேரத்தில், மார்ச் 16-ஆம் தேதி அறிவிப்பு வந்தது: கல்வி நிலையங்கள் எல்லாம் மூடல். 22-இல் மக்கள் ஊரடங்கு, 24 மாலை 6 மணிக்கு 144 தடை, அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. நேர்ந்த கடன் நேர்ந்தபடியே நின்றது.

நடக்க முடியாத வெள்ளிக்கிழமைகள் நான்கு மிச்சம் இருந்தன: மார்ச் 20, 27, ஏப்ரல் 3, பிறகு 10, பெரிய வெள்ளி. சிலுவைப்பாதையை, இயேசுவின் பாடுகளை 14 நிலைகளில் நின்று நினைத்து ஜெபிக்கும் வழிபாட்டை, வீட்டுக்குள் கொண்டுவந்தாக வேண்டும். முதல் வாரம் நடந்தது பெருங்குழப்பம். குழு அழைப்பில் எல்லாரும் ஒலிவாங்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெபித்தால் ஒரு வீட்டுக் குரல் இன்னொரு வீட்டுக்கு நொடி தாமதித்துத்தான் போய்ச் சேரும். முதல் வீடு “எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி” என்று முடிக்கும்போது மூன்றாவது வீடு தொடங்கும். குக்கர் விசில், கைக்குழந்தை அழுகை, தெருவில் போகும் ரோந்து வண்டியின் ஒலிபெருக்கி எல்லாம் ஒன்றாகக் கேட்கும். ஜெபத்தில் மனம் நிற்காது.

பிறகு பிடிபட்ட முறை இதுதான். 14 நிலைகளை 14 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். ஒரு பிள்ளை ஒரு நிலையை வாசித்து, ஒன்றரை நிமிடத்துக்குள் குரல் பதிவாக வியாழன் இரவுக்குள் அனுப்பிவிட வேண்டும். பதிவுக்கு 1 முதல் 14 வரை எண் போட்டு வரிசையாகக் குழுவில் போட்டுவிட்டால் போதும். காணொளி வேண்டாம், ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டிருந்த வீடுகளில் டேட்டா அதற்குத் தாங்கவில்லை. முதல் வரியும் வாசகமும் பதிவில் ஒலிக்கும், மறுமொழியும் பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் அந்தந்த வீட்டார் வாயிலிருந்தே வர வேண்டும். வெள்ளி பிற்பகல் மூன்று மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் தொடங்கினால், கோவிலில் முக்கால் மணி நேரம் போகிற சிலுவைப்பாதை வீட்டில் அரை மணியில் முடியும். சிறு பிள்ளைகளுக்கு அதுவே சரியான அளவு. சுவரில் ஒட்ட பழைய நோட்டுத் தாளில் 14 சிலுவைகள். ஒவ்வொன்றையும் அறையின் வெவ்வேறு மூலையில் ஒட்ட வேண்டும். ஒரே இடத்தில் உட்கார்ந்து சொன்னால் அது வாசிப்பாகிவிடும். எழுந்து நாலு எட்டு வைத்து அடுத்த தாளுக்கு முன் முழங்காலிடும்போதுதான் அது பாதை.

பதினான்காம் நிலை, அடக்கம். அங்கே மட்டும் பதிவை நிறுத்திவிடச் சொன்னோம். சாவு வீட்டுக்குப் போக முடியாத, ஒரு பிடி மண் போட முடியாத நாள்கள் அவை. அந்தந்த வீட்டில் இறந்தவர், பக்கத்து வீட்டில் இறந்தவர், ஊரில் இறந்தவர் பெயரைப் பிள்ளைகளே சொல்லி ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். எந்த மதத்தார் என்று பிள்ளைகள் பார்க்கவில்லை, எழுதினார்கள். அந்த நோட்டுக்குப் பிறகு வருகிறேன்.

மார்ச் 27 வெள்ளியை எப்படி மறப்பது? மழையில் நனைந்த, ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக ஏறி வந்தார். உரோமையின் புனித மார்செல்லோ ஆலயத்துப் பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறையுண்ட இயேசுவின் சிலை) அங்கே நனைந்துகொண்டிருந்தது. 1519-இல் ஆலயம் எரிந்தபோது எரியாமல் மிஞ்சிய சுரூபம் அது. 1522 கொள்ளைநோயில் உரோமைத் தெருக்களில் பவனியாகக் கொண்டுபோனதும் அதையே. 12 நாளுக்கு முன்புதான் அந்த ஆலயத்துக்கு அவர் வெறிச்சோடிய தெருவில் நடந்துபோய் வந்திருந்தார். அதுவும் ஒரு நடைபயணம்! அன்று வாசித்த நற்செய்தி மாற்கு 4: கடலில் புயல், படகின் பின்புறம் தூங்கும் ஆண்டவர். வேளாங்கண்ணிக்குப் போய்வந்த பிள்ளைகளுக்கு அதைக் கேட்டதும் வேறொரு கப்பல்தான் நினைவுக்கு வரும். புயலில் சிக்கி அன்னையை அழைத்து, செப்டம்பர் 8-இல் இந்தக் கரையில் உயிரோடு ஒதுங்கிய போர்ச்சுக்கீசிய மாலுமிகளின் கப்பல். அவர்கள் கொண்டுவந்த பீங்கான் தட்டுகளைப் பீடத்தில் பார்த்துவிட்டு வந்த கண்களுக்குப் புயல் நற்செய்தியை விளக்க வேண்டியதில்லை.

புனித வாரம் வீட்டிலேயே. பெரிய வியாழனில் பாதம் கழுவும் சடங்கு இல்லை என்றும், பெரிய வெள்ளியன்று சிலுவையைக் குருவானவர் மட்டும் முத்தி செய்வார் என்றும் மார்ச் 25-இல் வத்திக்கான் ஆணை வந்துவிட்டது. நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனிப்போருக்கும் பரிபூரணப் பலன் (பாவத்துக்குரிய தண்டனையிலிருந்து முழு விடுதலை) என்ற ஆணை 20-ஆம் தேதியே வந்திருந்தது. குருத்தோலை கிடைக்காத வீட்டில் தென்னங்கீற்றும், அதுவும் இல்லாத இடத்தில் வேப்பங்கொத்தும் கதவில் செருகப்பட்டன.

ஓலை இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு சாம்பலுக்கு என்ன செய்வது என்ற கேள்வி அப்போதே வந்தது. பள்ளிகளில் சாம்பல் தயாரிப்பவர்கள் கவனிக்க வேண்டியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய குருத்தோலையை மூன்று நாள் வெயிலில் காயவைத்து, இரும்புச் சட்டியில் எரிக்க வேண்டும். பச்சை இருந்தால் கருகுமே தவிரச் சாம்பலாகாது. மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. ஆறியதும் மெல்லிய துணியில் இரண்டு முறை சலிக்க வேண்டும். கரித்துகள் தங்கினால் நெற்றியைக் கீறும், தூவினால் கண்ணில் விழும். ஒரு சிறு கிண்ணம் பல நூறு பேருக்கு வரும். தண்ணீர் மட்டும் கலக்காதீர்கள். ஈரச் சாம்பல் காரமாகிப் பிள்ளைகளின் தோலைப் புண்ணாக்கிவிடும். ஒட்ட வேண்டுமென்றால் ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

2021 பிப்ரவரி 17 சாம்பல் புதனன்று பத்து, பன்னிரண்டு, ஒன்பது, பதினொன்று வகுப்புகள்தான் திறந்திருந்தன. ஜனவரியில் வத்திக்கானிலிருந்து வந்த புதிய முறைப்படி, “மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்” என்ற அந்த வாக்கியம் எல்லாருக்குமாக ஒரே முறை சொல்லப்பட்டது. பிறகு குருவானவர் கை கழுவி, முகக்கவசம் போட்டு, ஒவ்வொரு தலையிலும் ஒன்றும் பேசாமல் சாம்பலைத் தூவினார். அந்த மௌனத்தில் எத்தனையோ பேர் அழுதார்கள். அந்த ஆண்டும் நடக்க முடியவில்லை.

2022-இல் சாம்பல் புதன் மார்ச் 2. எல்லா வகுப்பும் திறந்தாயிற்று. மாதாவே, இரண்டு வருடக் கடன்!

பிள்ளைகளை அழைத்துப்போகும் பள்ளிகளுக்கு, நடையின் முறை இது. பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் ஒரு பிள்ளையையும் சேர்க்கக் கூடாது. வழியில் உள்ள காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தகவல் தர வேண்டும். அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டால், ஓய்வும் சேர்த்து ஏழு மணிக்குள் அன்னையின் வாசல். ஐந்து மணிக்குப் புறப்பட்டால் கடைசி 4 கி.மீ. வெயிலில்தான், அங்கேதான் பிள்ளைகள் சுருண்டு விழுவார்கள். பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒன்று முதல் பத்து வரை பிள்ளைகளே எண்ணைக் கூப்பிட வேண்டும். ஆசிரியர் கண்ணால் எண்ணினால் இருட்டில் தப்பும். சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டி விளக்கு தெரியும்படி இருவர் இருவராக. பை முதுகில் ஒளி பிரதிபலிக்கும் ஒட்டுத்தாள். பின்னால் விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டே ஒரு வேன்.

பெரிய பையன்களை முன்னால் விட்டால் வரிசை அரை கிலோமீட்டர் நீளும். ஜெபமாலையில் முன்னால் மூன்றாம் தேவ இரகசியம் (பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதி) போகும்போது பின்னால் முதலாவது முடிந்திருக்காது. சின்னப் பிள்ளைகளை முன்னால் விடுங்கள், அவர்கள் வேகமே எல்லாருக்கும் வேகம். ஜெபமாலை சொல்பவர் நடுவில் நடந்தால் இரு பக்கமும் குரல் போகும்.

60 பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒரு லிட்டர் பாட்டில், வேனில் 20 லிட்டர் கேன் இரண்டு. ஒரு லிட்டரில் ஒரு பொட்டலம் ஓஆர்எஸ். பாதிப் பொட்டலம், அரைக் குவளை என்று கண்ணளவில் கலக்கக் கூடாது. புதுச் செருப்பு கூடாது. கொப்புளம் வருவது பெரும்பாலும் ஈரக் காலுறையாலும் உரசலாலும்தான், தூரம் அதற்கு இரண்டாம் காரணம்தான். காலுறை மாற்று ஒன்று கட்டாயம். வந்த கொப்புளத்தை உடைக்காமல் பஞ்சு வைத்துக் கட்டி வேனில் ஏற்றிவிட வேண்டும். வெறுங்காலோடு நடப்பேன் என்று பெரியவர் நேரட்டும், அந்த வேண்டுதலைப் பிள்ளைமேல் ஏற்ற வேண்டாம். நோன்பும் அப்படித்தான். ஒருசந்தி (நாளுக்கு ஒரு முழு உணவு மட்டும்) 18 வயது முதல், இறைச்சி விலக்கு 14 முடிந்தவர்களுக்கு. நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்புவரை பிள்ளைகள் இரண்டு வாழைப்பழமும் நாலு ரொட்டியும் சாப்பிடலாம். வெறும் வயிற்றில் 12 கி.மீ. நடத்திவிட்டுத் திருப்பலியில் மயங்கி விழுந்தால் அதைப் பக்தி என்று சொல்லாதீர்கள். 2022-இல் முகக்கவசம் வேறு. வியர்வையில் நனைந்தால் மூச்சு முட்டும், ஆளுக்கு இரண்டு மாற்று வேண்டியிருந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் மனம் கலங்கும். அறை வேண்டுமா என்று பையைப் பிடித்து இழுக்கும் தரகர்கள், வேண்டாம் என்ற பிறகும் கழுத்தில் விழும் மாலை, கையில் திணித்துவிட்டுக் காசு கேட்கும் மெழுகுவத்தி. அன்னையின் வாசலில் பிள்ளைகளிடம் இப்படிச் செய்வது மிகுந்த வேதனை. பணம் ஒரே பெரியவர் கையில் இருக்கட்டும், மெழுகுவத்தி ஊரிலிருந்தே வரட்டும். பேராலய வரிசையில் இடிப்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்களே. பிள்ளைகள் எங்கே போனாலும் வரிசையில்தான் நிற்கிறார்கள்.

பிறகு அந்தக் கணம். திரும்பிப் பார்த்தால் நின்ற நேரம் பத்து நொடிகூட இருக்காது. பட்டுச் சேலையில், கையில் பாலனோடு, தலைக்கு மேலே கிரீடம், காலடியில் பிறை. மெழுகு வாசம், பூ வாசம், வியர்வை வாசம். சொல்லி வைத்திருந்த வேண்டுதல் ஒன்றும் வாயில் வராது. இரண்டு வருடம் மூடிக் கிடந்த பள்ளி, பணிக்குப் போன செவிலியரான அம்மாக்கள், வேலை போன அப்பாக்கள், எல்லாம் தொண்டையில் அடைத்துக்கொண்டு “மரியே வாழ்க” என்பது மட்டும் வெளியே வரும். சின்னவர்கள் கண்ணை மூட மாட்டார்கள். இமைக்காமல் பார்த்துக்கொண்டே நகர்வார்கள். தாயே, இவர்களை உன் கண்முன் கொண்டுவந்து நிறுத்த உயிரோடு வைத்தாயே, அது போதும். ஆரோக்கிய அன்னை என்று உனக்குப் பெயர் வைத்தவர்கள் அறிந்துதான் வைத்தார்கள்.

பேராலயத்திலிருந்து மாதா குளம் நோக்கி நீளும் மணற்பாதையில் சிலுவைப்பாதை. ஒன்பது மணிக்கு மேல் மணல் சுடத் தொடங்கும், அதற்கு முன் தொடங்கிவிட வேண்டும். முழங்காலில் முழுப் பாதையும் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலை வரை போதும். வியர்த்த தோலில் மணல் ஒட்டி அரைப்பதால்தான் முட்டி உரிகிறது. பருத்தித் துண்டை இரண்டாக மடித்துத் தளர்வாகக் கட்டிக்கொண்டால் தாங்கும். இறுக்கிக் கட்டினால் எழுந்திருக்கும்போது கால் மரத்துப்போகும்.

பதினான்காம் நிலையில் அந்த நோட்டைத் திறந்தோம். 2020-இல் வீடுகளில் பென்சிலால் எழுதிய பெயர்கள், பின்னால் 2021-இல் இரண்டாம் அலையில் சேர்ந்தவை, சிலவற்றில் எழுத்துப்பிழை, சிலவற்றில் “தாத்தா” என்று மட்டும். பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து பெயராக வாசித்தார்கள். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த, யாரென்று தெரியாத திருப்பயணிகளும் நின்று, ஒவ்வொரு பெயருக்கும் “தயவாயிரும் சுவாமி” என்றார்கள். வாசித்து முடிக்க நேரம் ஆனது. மணல் சுடத் தொடங்கியிருந்தது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை.