அட்டை கேட்டால் அட்டைதான் வரும்

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே இயற்கையைக் கற்றுத்தரும் செய்முறை ஒன்றை இணையத்தில் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து வயது மகளோடு தோட்டத்துக்குக் கிளம்பினேன். பூச்சிகளைத் தேட வேண்டும், கால்களை எண்ண வேண்டும், எண்ணிக்கைப்படி அட்டையில் வரைந்து பிரிக்க வேண்டும். அரைமணி நேர வேலை என்று போட்டிருந்தார்கள். போட்டவருக்குப் பிள்ளை இல்லை என்று நினைக்கிறேன்.

"போய் ஒரு அட்டை எடுத்துட்டு வா கண்ணு" என்றேன். அலமாரிக்குப் பின்னால் இருந்த பழைய காலண்டர் அட்டையைத்தான் சொன்னேன். அவள் நேராகச் செடிகளுக்குள் போனாள். திரும்பி வந்தபோது உள்ளங்கையில் நாணயம்போல ஒரு மரவட்டை சுருண்டு கிடந்தது.

"அப்பா, அட்டை."

மறுக்க வழியில்லை. ஆயிரங்கால் அட்டை என்றே அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. சீண்டினால் ஒரு திரவத்தைக் கசியவிடும், கண்ணில் பட்டால் எரியும் என்பதால் முதலில் கையைக் கழுவ வைத்தேன். பிறகு வெள்ளைத் தாளில் அதை நடக்கவிட்டு எண்ண ஆரம்பித்தோம். ஒரு வளையத்துக்கு இரண்டு ஜோடி என்று வரிசையாகக் கால்கள்; அலை அடிப்பதுபோல நகர்கின்றன. "இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இருபத்திப்பத்து" என்று போனவள், அதற்குமேல் தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். ஆயிரம் இருக்கிறதா என்பது அவள் கவலை. பெயர்தான் ஆயிரம், பெரும்பாலானவற்றுக்குச் சில நூறுகூட இருக்காது. உண்மையிலேயே ஆயிரத்தைத் தாண்டிய ஓர் இனத்தை ஆஸ்திரேலியாவில் மண்ணுக்கடியில் கண்டுபிடித்து, 2021-இல்தான் அறிவித்தார்கள். 1,306 கால்கள். அதை எண்ணியவருக்கு முப்பது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தவறு. "பூச்சின்னா ஆறு கால் இருக்கணும்" என்று ஒரு விதியைச் சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப எட்டுக்கால் பூச்சி?"

"அது பூச்சி இல்லம்மா."

"பேர்லயே பூச்சின்னு இருக்கே!"

தமிழ் நம்மைக் கைவிடும் இடம் இது. ஊர்வது, பறப்பது, நெளிவது எல்லாமே நமக்குப் பூச்சிதான். பிள்ளையை மிரட்டக்கூட ஒரு பூச்சாண்டி வைத்திருக்கிறோம். விடாமல் மல்லுக்கட்டினேன். "பேர்ல என்ன இருக்கு? நான்கூட உன்னைக் கழுதைன்னு கூப்பிடறேன். நீ கழுதையா?"

குனிந்து தன் கால்களைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். "இல்ல. ரெண்டுதான் இருக்கு."

உள்ளேயிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது.

பேச்சை மாற்றுவதற்காகக் குடையை எடுத்தேன். செய்முறையிலேயே எனக்குப் பிடித்த பகுதி இது. குடையை விரித்து, புதருக்குக் கீழே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கிளையை உலுக்க வேண்டும். பொலபொலவென்று ஒரு ஊரே விழுந்தது. ஏழு புள்ளி போட்ட பொறிவண்டு, இரண்டு எறும்பு, பச்சைப் புழு ஒன்று, நிறைய எட்டுக்கால் பூச்சி-அல்லாதவை. பொறிவண்டைத் தொட்டதும் அதன் முழங்காலிலிருந்து மஞ்சளாக ஏதோ கசிந்தது. "ஒண்ணுக்குப் போயிடுச்சு!" என்று குதித்தாள். அது எதிரியை விரட்டக் கசியவிடும் இரத்தம் என்று விளக்கியும் பயனில்லை. அவள் சொன்னதுதான் சுவாரசியமாக இருந்தது. பார்த்து முடித்துக் குடையை ஒருமுறை உதறி மடக்கி வைத்தேன். ஒருமுறைதான் உதறினேன் என்பதை இங்கே குறித்துக்கொள்ளவும்.

மண்புழுவோடு நிறுத்தியிருக்கலாம். அகலமான பாட்டிலில் ஒரு அடுக்கு மண், ஒரு அடுக்கு மணல், மேலே காய்ந்த இலை, ஈரம் காயாமல் கொஞ்சம் தண்ணீர், வெளிச்சம் படாமல் சுற்றிலும் கறுப்புத் தாள். சில நாளில் புழுக்கள் அடுக்குகளைக் கலக்கிவிடும். எல்லாம் சரியாகத்தான் செய்தோம். ஆனால் நான் டார்வின் கதையைச் சொல்லியிருக்கக் கூடாது. மண்புழுக்களைப் பற்றி 1881-இல் ஒரு புத்தகமே எழுதியவர் அவர். விசில் ஊதினாலும் கத்தினாலும் புழுக்கள் அசையவில்லை. அவற்றுக்குக் காது கிடையாது. தொட்டியைப் பியானோ மேல் வைத்துக் கட்டையை அழுத்தியதும், அதிர்வில் வளைக்குள் ஓடிவிட்டன.

"நம்ம வீட்ல பியானோ இருக்கா?"

"இல்லடா."

இதோடு முடிந்தது என்று நான் பேப்பரை விரித்தேன். பத்து நிமிடம் கழித்து, துணி பிழியும் சுற்றுக்கு வந்த வாஷிங் மெஷின் வழக்கம்போலத் தடதடத்தது. அதன் தலையில் பாட்டில். ஆடி ஆடி ஓரத்துக்கு நடந்து, பக்கத்தில் துவைத்த துணி நிறைந்த வாளிக்குள் மண்ணும் மணலும் இலையுமாகக் கவிழ்ந்தது. மூன்று புழுக்களையும் பத்திரமாகத் தோட்டத்தில் சேர்த்தோம். ஒன்று என் சட்டைப் பையில் இருந்தது.

"டார்வின் வீட்ல துணியை மறுபடி யார் துவைச்சாங்கன்னு அந்தப் புத்தகத்துல போட்டிருக்கா?" என்று கேட்டாள் மனைவி. நான்தான் துவைத்தேன்.

மறுநாள் காலை நல்ல மழை. பேருந்து நிறுத்தத்தில் குடையை விரித்தேன். நெற்றிக்கு நேரே ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கியது ஒன்று. நான் போட்ட கூச்சலில் பக்கத்தில் நின்றவர் தன் குடையைக் கீழே போட்டுவிட்டார். நனைந்தபடி அலுவலகம் போய்ச் சேர்ந்து, மனைவியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். பின்னாலிருந்து போனைப் பிடுங்கும் சத்தம்.

"அப்பா, கால் எண்ணினீங்களா?"