சேற்றுமீன் பாதி வழியில் நிற்கவில்லை

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி அமைந்துள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் முதுகலை படித்தபோது, நீர் வற்றிய வேளைகளில் சேற்றுத்திட்டில் துள்ளித் திரியும் மட்ஸ்கிப்பர் மீன்களை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். மீனினம் நிலவிலங்காக மாறும் பயணத்தில் பாதி வழியில் நின்றுவிட்ட உயிர் அது என்றே அப்போது நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தது உடலியங்கியல். ஈரமான தோலிலும் வாய், தொண்டை ஆகியவற்றின் உட்பரப்பிலும் அடர்ந்திருக்கும் நுண்ணிய இரத்தக்குழாய்கள் வழியாக அது காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பெறுகிறது. அதனால்தான் அடிக்கடி ஈரத்தில் புரண்டு தோலை நனைத்துக்கொள்கிறது. பெரும்பாலான மீன்கள் கழிவான அம்மோனியாவைச் செவுள் வழியே நீரில் கரையவிடுகின்றன. கரையில் அதற்கு வழியில்லை. பெரியாப்தால்மோடான் ஸ்க்லோசரி என்ற மட்ஸ்கிப்பர் இனமோ, வெளியே அம்மோனியாவின் செறிவு மிகுந்திருந்தாலும் ஆற்றலைச் செலவழித்து அம்மோனியம் அயனிகளைச் செவுளிலிருந்து வெளியேற்றிவிடுகிறது.

என்னை மிகவும் வியக்கவைத்தது அதன் வளைதான். சேற்றின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லாமற்போகும் நிலையில், முட்டைகள் அங்கே எப்படிப் பிழைக்கின்றன? ஜப்பானில் வாழும் பெரியாப்தால்மஸ் மொடஸ்டஸ் இனத்தின் ஆண் மீன், வெளிக்காற்றை வாயில் நிரப்பிக்கொண்டு போய் முட்டை அறையில் விட்டு நிரப்புகிறது. குஞ்சு பொரிக்கும் பருவம் வந்ததும், இரவில் ஓதம் ஏறும்போது அதே காற்றை வாய் வாயாக வெளியே கொண்டுவந்துவிட, அறைக்குள் புகும் நீரில் முட்டைகள் பொரிகின்றன. இதை விவரித்த ஆய்வுக் கட்டுரையைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பரிணாமவியல் வகுப்பில்தான் என் தவறு முழுமையாக விளங்கியது. நம்மையும் உள்ளடக்கிய நான்கு கால் விலங்குகளின் முன்னோர், துடுப்பின் அடியில் சதையும் எலும்பும் கொண்ட சதைத்துடுப்பு மீன்கள். அவற்றின் வழிவந்த விலங்குகளில் கால்கள் தோன்றி 36 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. மட்ஸ்கிப்பரோ உளுவையின் உறவான, மெல்லிய கதிர்கள் தாங்கும் துடுப்புகளையுடைய கதிர்த்துடுப்பு மீன். எவரையும் பின்தொடராமல், தனக்கென ஒரு வழியில் கரையேறியது. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, அது கண்ணைக் குழிக்குள் இழுத்துச் சிமிட்டும் பழக்கமும் நம் கிளையில் தோன்றியதோடு தொடர்பின்றித் தனியாகவே உருவானது என்றும், காற்றில் கண் உலரும்போது சிமிட்டல் மிகுகிறது என்றும் காட்டியது. அதைப் படித்தபோது, கடற்காற்று ஓங்கி வீசிய நண்பகல்களில் அதே சேற்றுத்திட்டின் ஓரத்தில் அந்தக் கண்கள் ஓயாமல் உள்ளே போய் வந்ததும், காரணம் புரியாமலே நான் அவற்றை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதிவைத்ததும் நினைவுக்கு வந்தன.